கடலடி ஆய்ந்த எட்வர்டு போர்ப்ஸ்

கரையில் நின்று கடலின் அழகைக் கண்டு களிப்பவர் பலர். அக்கடலின் அடியில் எவ்வெவ்வுயிர்கள் எங்ஙனம் வாழ்கின்றன என்று ஆராயப் புகுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்னோடியாய் விளங்கியவர் எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர். அவர் கண்ட உண்மைகள் பல. கொண்ட பிழையான முடிவு ஒன்றும் உண்டு. இரண்டுமே அறிவுலகிற்குப் பயன்பட்டமை அவர் வாழ்வின் தனிச்சிறப்பாகும்.

இங்கிலாந்திற்கும் அயர்லாந்திற்கும் இடையேயுள்ள மான் தீவில் 1815ஆம் ஆண்டு போர்ப்ஸ் பிறந்தார். கடலோரத்தில் கிளிஞ்சல்களையும் சிற்றுயிர்களையும் சேர்ப்பது அவருடைய இளமை விளையாட்டு. முதலில் ஓவியம் பயில இலண்டன் சென்றார், அது கைகூடவில்லை. பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். எனினும் உள்ளம் இயற்கை ஆராய்ச்சியையே நாடியமையால் மருத்துவப் படிப்பை முடிக்காது விடுத்தார். ஓவியப் பயிற்சி மட்டும் வீண்போகவில்லை. பிற்காலத்தில் உடுமீன்களைப் பற்றி எழுதிய நூலுக்குத் தாமே படங்கள் வரைந்தார்.

கடலடியைக் கண்ணால் காண இயலாத அந்நாளில், அதனை ஆராய அவர் கைக்கொண்ட கருவி மிக எளியது. கனத்த இரும்புச் சட்டம் ஒன்று. அதன் பின்னே கட்டிய வலைப்பை ஒன்று. நீண்ட கயிற்றில் கட்டி இதனைக் கடலுள் இறக்கிப் படகு மெல்லச் செல்லும்போது, சட்டத்தின் விளிம்பு தரையைச் சுரண்டும். ஆங்குள்ள உயிர்களும் சிப்பிகளும் பைக்குள் விழும். சிப்பி எடுக்கும் மீனவர் கருவியே ஆராய்ச்சிக் கருவியாயிற்று.

ஆயினும், எடுத்த பொருளைக் காட்டிலும் எழுதி வைத்த குறிப்பே சிறந்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1839ஆம் ஆண்டு அவர் முயற்சியால் கடலடி ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைந்தது. நாள், இடம், ஆழம், கரையினின்று தொலைவு, தரையின் தன்மை, உயிருள்ளவை எத்தனை, இறந்தவை எத்தனை என்பவற்றை ஒவ்வொரு முறையும் நிரப்புதற்குரிய தாள்களை அக்குழு வழங்கியது. பலர் பல இடங்களில் செய்த ஆய்வுகளை ஒப்புநோக்க இம்முறை வழிவகுத்தது.

1841ஆம் ஆண்டு 'பீக்கன்' என்னும் அளவைக் கப்பலில் ஈஜியன் கடலுக்குச் சென்றார். ஆங்கு நூற்றுக்கு மேற்பட்ட முறை வலைப்பையை இறக்கினார். ஆழம் மிக மிக உயிர்வகைகள் மாறுவதைக் கண்டு, அக்கடலை எட்டு மண்டலங்களாகப் பிரித்தார். இடையே கொடிய காய்ச்சல் வருத்தியபோதும் மனந்தளரவில்லை. ஆழத்தில் உயிர்கள் குறைந்துகொண்டே வந்தமையால், ஏறத்தாழ 300 பாகத்திற்குக் கீழே, அஃதாவது 1800 அடிக்குக் கீழே, உயிரே இராது என்று கருதினார். ஆனால் அவருடைய வலை எட்டிய மிகுந்த ஆழம் 230 பாகமே. அன்றியும் ஈஜியன் கடலின் ஆழ்பகுதி இயல்பாகவே உயிர்வளம் குன்றியது. ஒரு கடலில் கண்டதை எல்லாக் கடலுக்கும் ஏற்றியமையே பிழைக்குக் காரணமாயிற்று.

தந்தையார் செல்வம் இழந்தமையால், நாடு திரும்பியபின் பல பணிகளை ஏற்று ஓயாது உழைத்தார். நெடுநாள் விரும்பிய எடின்பரோ இயற்கை நூல் பேராசிரியர் பதவி 1854ஆம் ஆண்டில் கிட்டியது. அவ்வாண்டு நவம்பரிலேயே, தமது 39ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அவர் முடிவைப் பலர் நம்பினர், சிலர் ஐயுற்றனர். ஐயுற்றோர் மேலும் ஆழத்தில் வலை இறக்கினர். 1869ஆம் ஆண்டு 'போர்க்குபைன்' கப்பலில் சென்ற வைவில் தாம்சன் முதலியோர் 2435 பாக ஆழத்திலிருந்தும் உயிர்களை எடுத்தனர். அத்தாம்சனே அடுத்த ஆண்டு போர்ப்ஸ் வகித்த பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆய்ந்த 'சாலஞ்சர்' குழுவுக்கும் தலைமை தாங்கினார்.

போர்ப்ஸின் முடிவு வீழ்ந்தது. அவர் வகுத்த முறை வாழ்ந்தது. கண்ட ஆழத்தையும் இடத்தையும் ஒளியாது குறித்து வைத்தமையாலன்றோ, அவர் எங்கே தவறினார் என்பதைப் பின்வந்தோர் அறிய முடிந்தது! பிழை நேர்தல் மாந்தர்க்கு இயல்பு. அப்பிழையைப் பிறர் திருத்துதற்கு ஏற்பச் சான்றுகளைச் செவ்வனே வைத்துச் செல்லுதல் சான்றோர்க்கு அழகு.