வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டவர்

1959-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி இரவு. பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில் மல்பாசே என்ற அணை உடைந்தது. கனமழையால் நிரம்பி நின்ற அணை அது. பொங்கிப் பாய்ந்த வெள்ளம் பிரெஜூஸ் நகருக்குள் புகுந்தது. 400-க்கும் அதிகமானோர் மாண்டனர்.

அணை உடைந்தால் தண்ணீர் எந்த ஊருக்கு எப்போது வரும்? எத்தனை அடி உயரத்தில் வரும்? இது முன்கூட்டியே தெரிந்தால், ஜனங்களை மேட்டுப் பகுதிக்கு அனுப்பி உயிர் காக்கலாம். இன்று கம்ப்யூட்டர் அதைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்கு வழி வகுத்தவர், கம்ப்யூட்டர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டார். அவரும் பிரெஞ்சுக்காரர்தான். அவர் பெயர் சான் வெனான்.

உலகமெங்கும் என்ஜினீயரிங் மாணவர்கள் படிக்கும் பெயர் அது. அந்தப் பெயருக்கு உரியவரோ, தம் மாணவப் பருவத்தில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லாமல் இருந்தவர்!

துப்பாக்கி ஏந்த மறுத்தார்

சான் வெனான் 1797-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரர். 16 வயதிலேயே பாரிஸ் நகரின் புகழ் பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1814-ம் ஆண்டு மார்ச் மாதம் எதிரிப் படைகள் பாரிஸ் நகரை நெருங்கின. நகரைக் காக்கக் கல்லூரி மாணவர்களும் திரட்டப்பட்டார்கள். அப்போது பிரான்சை ஆண்டவர் நெப்போலியன். அவர் அரியணையைப் பறித்துக் கொண்டவர் என்பது சான் வெனானின் எண்ணம். அவருக்காகப் போரிட மனச்சாட்சி இடம் தரவில்லை. அணியிலிருந்து விலகி நின்று, அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

படையை விட்டு ஓடியவர் என்ற பட்டம் கிடைத்தது. கல்லூரிக் கதவு மூடிக் கொண்டது. வெடிமருந்து இலாகாவில் உதவியாளர் வேலைக்குப் போனார். எட்டு ஆண்டுகள் அங்கேயே கழிந்தன.

பெஞ்சில் தனி ஆள்

1823-ல் சர்க்கார் மனம் இரங்கியது. பாலங்கள், சாலைகள் அமைக்கும் கலையைக் கற்பிக்கும் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர அனுமதி கிடைத்தது. ஆனால் உடன் படித்தவர்கள் பழையதை மறக்கவில்லை. அவரோடு ஒருவரும் பேசவில்லை. அவர் உட்கார்ந்த பெஞ்சில் ஒருவரும் உட்காரவில்லை. ஒரு நாள், இரு நாள் அல்ல, இரண்டு ஆண்டுகள்!

சான் வெனான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. மன்னிப்பு கேட்டுக் கெஞ்சவும் இல்லை. பாடத்தைக் கவனித்தார். படிப்பு முடிந்தபோது அவர்தான் வகுப்பில் முதல் மாணவர்.

பிறகு கால்வாய் வேலைகளில் என்ஜினீயராகப் பணி புரிந்தார். பகலில் உத்தியோகம், ஓய்வு நேரத்தில் கணக்கு. 40 வயதைத் தாண்டிய பின்பும், கணித மேதை லியூவில் நடத்திய வகுப்புக்குப் போய் மாணவராக உட்கார்ந்தார்.

பெயர் வேறொருவருக்கு

தண்ணீர் ஓடும்போது அதன் ஒரு பகுதி அடுத்த பகுதியை உராய்கிறது, இழுக்கிறது, தடுக்கிறது. இதைக் கணக்கில் கொண்டு வருவது எப்படி? அவருடைய ஆசிரியர் நேவியே 1822-ல் இதற்குச் சமன்பாடுகளை எழுதியிருந்தார். ஆனால் அவர் சொன்ன விளக்கம் சரியாக இல்லை. சரியான விளக்கத்தை 1843-ல் சான் வெனான் கொடுத்தார். இரண்டு ஆண்டு கழித்து ஸ்டோக்ஸ் என்ற அறிஞரும் அதே முடிவுக்கு வந்தார். சமன்பாடுகளுக்கு நேவியே-ஸ்டோக்ஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. சான் வெனான் பெயர் விடுபட்டுப் போயிற்று!

அவர் சோர்ந்துவிடவில்லை. 1868-ல் பிரெஞ்சு விஞ்ஞான அகாதமியின் உறுப்பினர் ஆனார். 1871-ல், தமது 70 வயதுக்கு மேல், ஆற்று வெள்ளத்துக்குக் கணக்கு எழுதினார். அதில் இரண்டே விஷயங்கள்.

ஒன்று, தண்ணீர் மாயமாக மறையாது. ஆற்றின் ஒரு பகுதிக்குள் வந்த நீரில் வெளியே போனது போக மிச்சம் உள்ளதே அங்கே மட்டத்தை உயர்த்தும். இரண்டு, சரிவும் நீர்மட்ட வேறுபாடும் தண்ணீரைத் தள்ளும். ஆற்றுப் படுகையின் உராய்வு தடுக்கும். இந்த இழுபறியில் வெள்ளத்தின் வேகம் தெரிந்துவிடும்.

அவர் பெயராலேயே வழங்கும் இந்தச் சமன்பாடுகளைக் கொண்டுதான், அணை உடைந்தால் வெள்ளம் பள்ளத்தாக்கில் எப்படி இறங்கும் என்று இன்றும் கணக்கிடுகிறார்கள்.

லட்சம் மணிகள்

கம்ப்யூட்டர் வந்த பின்பு இன்னொரு முறையும் பிறந்தது. 1977-ல் நட்சத்திரங்களை ஆராய்வதற்காகக் கண்டுபிடித்த முறை அது. அதைக் கண்டவர்களில் ஒருவரான மோனகன், 1994-ல் அதைத் தண்ணீருக்குப் பயன்படுத்திக் காட்டினார்.

இதில் அணைத் தண்ணீரை லட்சக்கணக்கான சிறு மணிகளாகப் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு மணியும் பக்கத்து மணிகளைத் தள்ளும், உராயும், தன் எடையால் கீழே இறங்கும். நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு ஒவ்வொரு மணியும் எங்கே நகரும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். பிறகு அடுத்த சிறு பங்கு. பிறகு அதற்கு அடுத்தது. தண்ணீர் சுவரில் மோதிச் சிதறுவதும், சுருண்டு விழுவதும் திரையில் தெரியும். அந்த மணிகளை நடத்துவதும் 1843-ல் சான் வெனான் விளக்கிய அதே விதிகள்தான்!

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? நடந்த வெள்ளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு உலகமெங்கும் எடுத்துக் கொள்ளும் உதாரணங்களில் ஒன்று மல்பாசே. அன்று மாண்டவர்களின் ஊரில் வெள்ளம் விட்டுச் சென்ற தடங்கள், இனி வேறு ஊர்களைக் காக்க உதவுகின்றன.

சான் வெனான் கடைசி வரை ஓயவில்லை. 1886-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி அவருடைய கடைசிக் கட்டுரை அகாதமியின் பத்திரிகையில் வெளியாயிற்று. நான்கே நாட்களில், ஜனவரி 6-ந் தேதி, 88-வது வயதில் அவர் காலமானார்.

அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார அன்று யாரும் இல்லை. இன்று, அணைக்குக் கீழே குடியிருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் போட்ட கணக்கு காவல் இருக்கிறது.