ஐம்பத்தெட்டு வயதில் கப்பல் ஏறியவர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, எனக்குக் கான்கிரீட்டைப் பற்றித்தான் எழுத வரும் என்று நழுவப் பார்த்தேன். ஆள் விடவில்லை. யோசித்தபோது, போன தடவை விடுதி நாளுக்கு வந்திருந்தபோது நடந்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

நம் கல்லூரி மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பியும் வயலின் வாசிக்கும் தம்பியும் என்னைத் தனியாக மரத்தடிக்கு அழைத்துப் போனார்கள். வெளிநாட்டு ஓட்டல் ஒன்றில் ஆறு மாதம் வாசிக்க வாய்ப்பு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறாராம். அதற்கு முன்பணம் கேட்கிறாராம். கடைசி செமஸ்டரை விட்டுவிட்டுப் போகலாமா அண்ணே என்று கேட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால், படித்து முடித்த புதிதில் ஒருவரின் வாய் வார்த்தையை நம்பி, தாளை ஒழுங்காகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வெளிநாடு போனவன் நான். சொன்ன சம்பளம் ஒன்று, கையில் வந்தது வேறு. திரும்பி வர டிக்கெட்டுக்கு அப்பாதான் கடன் வாங்கிப் பணம் அனுப்பினார். அன்று தம்பிகளிடம் சொல்லாமல் விட்ட பதிலை ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

அவர் ஜோசப் ஹைடன். சின்ன வயதில் டிரினிட்டி கிரேடு பரீட்சைக்காகக் கீபோர்டு கற்றபோது எனக்கு அறிமுகமான பெயர். இளையராஜா புண்ணியத்தில் சிம்பொனி என்ற சொல் இன்று நமக்கெல்லாம் தெரியும். அந்தச் சிம்பொனிக்கு ஓர் உருவம் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் இவர்.

சக்கரத் தச்சரின் மகன்

ஹைடன் 1732 மார்ச் 31 அன்று ஆஸ்திரியாவில் ரோராவ் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். அம்மா ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். பையனுக்கு நல்ல குரல் இருந்ததால் எட்டு வயதில் வியன்னா தேவாலயப் பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் கையில் காசில்லாமல், மாடி மூலையில் ஒரு சிறு அறையில் குடியிருந்து, டியூஷன் எடுத்துப் பிழைத்தார். போர்போரா என்ற இத்தாலிய இசை ஆசிரியரிடம் எடுபிடி வேலை செய்து, அவருடைய பாட்டு வகுப்புகளில் பக்கவாத்தியம் வாசித்து, அப்படியே இசையமைப்பின் அடிப்படையைக் கற்றுக்கொண்டார்.

1761இல் எஸ்டர்ஹாஸி என்ற பெரும் பிரபுக் குடும்பத்தில் வேலை கிடைத்தது. சீருடை போட வேண்டும். தினமும் முற்பகலும் பிற்பகலும் பிரபுவின் வாசலில் நின்று, இன்றைக்கு இசை உண்டா என்று கேட்க வேண்டும். எழுதுகிற இசையெல்லாம் பிரபுவுக்கே சொந்தம். அனுமதி இல்லாமல் வெளியாருக்கு ஒரு வரி எழுதக் கூடாது. நம்மில் பலர் போட்டுக் கொடுத்த பாண்டு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை! அந்த வேலையில் முப்பது வருடம் ஓட்டினார். ஆனால் கையில் ஒரு நல்ல இசைக்குழு இருந்தது. இன்று எழுதி நாளை வாசித்துப் பார்க்கலாம், சரியில்லாததைத் திருத்தலாம். இப்படி ஒரு சோதனைக்கூடம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பெயர் முந்திப் போனது

1779இல் புது ஒப்பந்தம் போட்டார்கள். வெளியாருக்கு எழுதக் கூடாது என்ற நிபந்தனை அதில் இல்லை. அதன்பிறகுதான் அவருடைய வெளிநாட்டு வாழ்க்கை தொடங்கியது என்பேன், ஆள் இடத்தை விட்டு நகரவில்லை என்றாலும். வியன்னாவிலும் லண்டனிலும் பதிப்பாளர்கள் அவருடைய இசையை அச்சிட்டு விற்றார்கள். பாரிஸ் நகரம் கேட்டு வாங்கியது ஆறு சிம்பொனிகள். ஸ்பெயினிலிருந்தும் ஒரு தேவாலயத்துக்காக இசை கேட்டு வந்தார்கள். இதில் அவர் புனிதர் என்று சொல்ல மாட்டேன். ஒரே சரக்கை இரண்டு பதிப்பாளர்களிடம் விற்று வழக்கு வரைக்கும் போன கதையும் உண்டு. எப்படியோ, அவர் போவதற்குப் பத்து வருடம் முன்னாலேயே அவர் பெயர் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டது.

லண்டனிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு வந்தது. பிரபு நிக்கோலஸ் இருந்தவரை போக முடியவில்லை. 1790 செப்டம்பரில் பிரபு காலமானார். அடுத்து வந்தவருக்கு இசையில் நாட்டமில்லை. இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்கு வருடம் 1000 குல்டன் ஓய்வூதியமும் 400 குல்டன் சம்பளமும் நின்றது, வேலை மட்டும் இல்லை. செய்தி கேட்ட சாலமன் என்ற வயலின் கலைஞர் வியன்னாவுக்கே வந்து கதவைத் தட்டினார். இவர் லண்டனில் கச்சேரிகள் நடத்திக் கொண்டிருந்தவர்.

முதலில் தாள், பிறகு கப்பல்

நம் தம்பிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஹைடன் என்னென்ன பேசி முடித்தார் பாருங்கள். ஓர் இசை நாடகத்துக்கு 300 பவுண்டு. ஆறு சிம்பொனிகளுக்கு 300. அவற்றைப் பதிப்பிக்கும் உரிமைக்கு 200. சிறு இசை உருப்படிகள் இருபதுக்கு 200. அவருக்கென்று தனியாக நடக்கும் கச்சேரியில் குறைந்தது 200. ஆகமொத்தம் 1200 பவுண்டு. இது போக, 5000 குல்டன் வியன்னா வங்கியிலேயே பிணையாகக் கட்டி வைக்கப்பட்டது. பணம் கட்டியவர்கள் அழைத்த தரப்பு, போகிறவர் இல்லை! எது எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசியதன் அருமை பிறகுதான் தெரிந்தது. அந்த இசை நாடகத்தை அரங்கேற்ற அரசர் அனுமதி தரவில்லை. அது முதன்முதலில் மேடையைப் பார்த்தது 1951இல், பிளாரன்ஸ் நகரில். ஆனால் ஹைடனுக்குச் சேரவேண்டிய பணம் சேர்ந்துவிட்டது.

1790 டிசம்பர் 15 அன்று புறப்பட்டார். வயது 58. இந்த வயதில் உலகம் தெரியாமல், பாஷை தெரியாமல் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று நண்பர் மொசார்ட் கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். 1791 புத்தாண்டு அன்று காலே துறைமுகத்தில் கப்பல் ஏறினார். அதுதான் அவருக்கு முதல் கடல் பயணம். கடலைப் பார்த்தபடி மேல்தளத்திலேயே நின்றுகொண்டு டோவர் போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் கற்றது

முதல் கச்சேரி பிப்ரவரியில் நடந்திருக்க வேண்டும். தள்ளிப் போய் மார்ச் 11 அன்றுதான் நடந்தது. அதற்குள் அவர் ஊரைப் படித்துவிட்டார். லண்டன் ரசிகர்கள் தாமதமாக வருவார்கள், முதல் பாதி முழுக்கச் சலசலப்புத்தான் என்று தெரிந்ததும், தன் சிம்பொனியை இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் வைக்கச் சொன்னார். மெதுவான இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டது சபை. ஐம்பத்தொன்பது வயதில் ஆங்கில இலக்கணப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் தனியாக நடந்தார். ஜூலையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது.

தொல்லையும் வராமல் இல்லை. எதிர்க் கச்சேரிக் குழு அதிகப் பணம் காட்டி இழுத்துப் பார்த்தது. சாலமனுக்குக் கொடுத்த வாக்கு என்று மறுத்துவிட்டார். உடனே ஹைடனுக்கு வயதாகிவிட்டது, சரக்குத் தீர்ந்துவிட்டது என்று பேச்சைக் கிளப்பினார்கள். அவரிடமே படித்த, அவரைவிட 25 வயது இளையவரான பிளேயல் என்பவரைப் போட்டிக்கு வரவழைத்தார்கள். ஹைடன் சீடனோடு சண்டை போடவில்லை. நட்பாகவே இருந்துகொண்டு, ராத்திரி பகலாக எழுதித் தள்ளினார்.

1792இல் ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த பயணத்துக்குத் தயாரானார். நால்வர் வாசிக்கும் கம்பி வாத்திய இசை அதுவரை வீட்டுக் கூடத்துக்கு உரியது. லண்டனில் அதைப் பெரிய மண்டபத்தில், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் வாசிப்பார்கள். ஆகவே 1793இல் எழுதிய ஆறு உருப்படிகளின் தொடக்கத்திலேயே சபையை அடக்கி உட்காரவைக்கும் வழி செய்தார். போகிற இடத்தின் கூரை உயரம் தெரிந்து எழுதினார் என்று எஞ்சினியர் பாஷையில் சொல்லலாம். 1794 ஜனவரியில் மறுபடி கிளம்பியபோது ஒரு புதுச் சிம்பொனி ஏற்கனவே பெட்டியில் இருந்தது. இசையைப் படியெடுக்க எல்ஸ்லர் என்ற உதவியாளரும் கூடப் போனார். 1795 மே 4 அன்று நடந்த தனிக் கச்சேரியில் மட்டும் 4000 குல்டன் கிடைத்தது. ஏறக்குறைய மூன்று வருட வருமானம் ஒரே இரவில்!

இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அரச குடும்பமே கேட்டது. அவர் வியன்னா திரும்பினார். லண்டனில் கேட்ட ஹாண்டலின் பெரும் பாடற்குழு இசை மனதில் ஊறி, 1798இல் 'படைப்பு' என்ற அவருடைய மிகப் பெரிய ஆக்கமாக வெளிவந்தது. 1809 மே 31 அன்று, நெப்போலியன் படை வியன்னாவைப் பிடித்திருந்த நாட்களில், 77 வயதில் காலமானார்.

தம்பிகளா, போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் போனவன்தான். ஆனால் ஹைடன் கப்பல் ஏறுமுன் அவருடைய வேலை போய்ச் சேர்ந்திருந்தது, பேச்செல்லாம் தாளில் ஏறியிருந்தது, பணம் உள்ளூர் வங்கியில் இருந்தது. உங்களிடம் இந்த மூன்றில் எத்தனை இருக்கிறது? ஒன்றும் இல்லையென்றால் கடைசி செமஸ்டரை எழுதி முடியுங்கள். அவர் முப்பது வருடம் காத்திருந்தார், உங்களுக்கு ஆறு மாதம்தான். ஆண்டு விழாவுக்கு நான் வருவேன். அந்த ஒப்பந்தத் தாளை எடுத்து வாருங்கள். அதே மரத்தடியில் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம். தாளே இல்லை என்றால், முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு உங்கள் கச்சேரியைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.