ஏடனின் முதல் அதிகாரி

ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் ஊரார் மேற்கு மலைமழையால் கண்மாய் நிறையக் கண்டவர். அரபு நாட்டுத் துறைமுகமாகிய ஏடனிலோ மழை மிக அரிது. எங்கணும் எரிமலைப் பாறையே. நீராவிக் கப்பல்கட்கு நிலக்கரித் துறை வேண்டி, 1839 ஜனவரி 19ஆம் நாள் கும்பினியார் அதனைக் கைக்கொண்டனர்.

முதல் அதிகாரியாயினார் கப்பற்படைத் தலைவர் ஹெயின்ஸ். ஏறத்தாழ 600 பேர் வாழ்ந்த சிற்றூர், பதினைந்தாண்டு கழிவதற்குள் அரபியரும் யூதரும் சோமாலியரும் இந்திய வணிகரும் நெருங்கிய பெருநகராயிற்று. அவர்தம் வழக்கு, காவல், கருவூலம் யாவும் ஹெயின்ஸ் பொறுப்பே. தேர்ந்த கணக்கரோ அவர்க்கு வாய்த்திலர்.

1854இல், கருவூலத்திற் பெருந்தொகை குறைந்ததென்று பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். கையாடினார் என்பதை நடுவர் குழு இருமுறை மறுத்தது. ஆயினும் அத்தொகையைக் கடனாக்கி ஆறாண்டு சிறையில் வைத்தனர். இது முறையன்று என்பதே என் துணிபு. 1860 ஜூனில் விடுதலையுற்றார். சில நாளில், பம்பாய்த் துறையில் நின்ற கப்பலிலேயே உயிர் நீத்தார்.