சிறுநீரில் ஆர்சனிக்: மீன் சாப்பிட்டாலே ரிசல்ட் மாறுமா? 180 வருஷத்துக்கு முன்பே சிக்கலைச் சந்தித்த ஓர்ஃபிலா... யார் இவர்?

காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் ராத்திரி நண்டுக் குழம்பு சாப்பிட்ட ஒருவர், காலையில் சிறுநீரில் ஆர்சனிக் டெஸ்ட் எடுத்தால் என்ன ஆகும்? மொத்த அளவு எக்கச்சக்கமாக ஏறியிருக்கலாம். அப்படியென்றால் உடம்பில் விஷமா? அவசியமில்லை. ஆர்சனிக் இருப்பது வேறு, அது விஷமாக வந்தது என்பது வேறு. இந்த வித்தியாசத்தோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர்தான் நஞ்சியலின் தந்தை எனப்படும் மாத்தியூ ஓர்ஃபிலா.

யார் இவர்?

1787-ல் ஸ்பெயினின் மினோர்கா தீவில் பிறந்தவர். 15 வயதில் வணிகக் கப்பலில் கடலுக்குப் போனார். அது ஒத்துவரவில்லை. வேதியியல் படித்து, 1807-ல் பாரிஸ் சென்று, 1811-ல் டாக்டர் ஆனார். 1831 முதல் 1848 வரை பாரிஸ் மருத்துவப் பள்ளியின் தலைவர். அப்போது நம்ம காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

காபியில் நடந்த சொதப்பல்

ஒருநாள் வகுப்பில், வெள்ளைப் பாஷாணத்தைக் காபியில் கலந்தாலும் டெஸ்ட்டில் அதே வெள்ளைப் படிவு வரும் என்று சொல்லிவிட்டுச் செய்து காட்டினார். வந்ததோ வேறு நிறம்! உணவோடு கலந்த விஷத்தைக் கண்டுபிடிக்க அன்றைய முறைகள் போதாது என்று புரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1814-ல் வெளிவரத் தொடங்கிய நஞ்சுகள் பற்றிய அவரது நூல். ஆர்சனிக் வயிற்றோடு நிற்காமல் கல்லீரல் வரை போய், சிறுநீரில் வெளியேறும் என்பதையும் பின்னாளில் நிரூபித்தார்.

பிரான்சை உலுக்கிய வழக்கு

1840-ல் கணவரை விஷம் வைத்துக் கொன்றதாக மரி லஃபார்ஜ் மீது வழக்கு. உள்ளூர் நிபுணர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பாரிஸிலிருந்து வந்த ஓர்ஃபிலா, மார்ஷ் சோதனை மூலம் உடலில் ஆர்சனிக் இருப்பதாகச் சொன்னார். அது ரசாயனங்களிலிருந்தோ கல்லறை மண்ணிலிருந்தோ வரவில்லை என்றும் விளக்கினார். மரிக்கு ஆயுள் தண்டனை.

ஆனால் ஒரு சறுக்கலும் உண்டு. ஆரோக்கியமான மனிதர்களின் எலும்பிலும் இயல்பாகவே ஆர்சனிக் இருக்கிறது என்று சொல்லிவந்தவர், பிறகு அந்தக் கருத்தை அவரே கைவிட்டார். ஒருவர் உயிர் ஊசலாடும் வழக்கில், எது இயல்பு, எது விஷம் என்பது சின்ன கேள்வியா என்ன? 1853-ல் ஓர்ஃபிலா காலமானார். கேள்வி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இன்றைய டெஸ்ட் சொல்வது என்ன?

தண்ணீர் வழியாகவோ வேறு வழியாகவோ உள்ளே போகும் கனிம ஆர்சனிக்கில் பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீரில் போய்விடும். அதனால் இந்த டெஸ்ட் அண்மைப் பாதிப்பை மட்டுமே காட்டும். பல மாதங்களுக்கு முந்தைய கதை தெரிய முடி, நகம் பார்க்க வேண்டும்.

மீன், நண்டு, இறாலில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன். உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் மொத்த அளவை ஏற்றிவிடும். எனவே டெஸ்ட்டுக்கு 3, 4 நாட்கள் முன்பிருந்தே கடல் உணவைத் தவிர்ப்பது நல்லது. சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அளவு கூடுதலாக வந்தால், வகை பிரித்துப் பார்க்கும் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். குடிநீரில் பாதுகாப்பு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சந்தேகம் இருந்தால் தண்ணீரையும் சோதியுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறும் முன், முந்தின நாள் குழம்பை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.