சிலோன் மேடையில் ஜெயித்த கொடுமுடி பெண்: கே.பி.சுந்தராம்பாள் வாழ்ந்த கதை

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஆடி மாசம் வந்தால் தெருவுக்கு தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். அம்மன் பாட்டாக போய்க்கொண்டே இருக்கும். ஆடி கிருத்திகை அன்று மட்டும் முருகன் பாட்டு. அதில் ஒரு குரல் தனியாக தெரியும். பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலை ஏறிய முருகனை அவ்வையார் சமாதானம் செய்கிற பாட்டு அது. டீக்கடை பெஞ்சில் இருக்கும் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு காது கொடுப்பார்கள்.

அந்த குரலுக்கு சொந்தக்காரர் கே.பி.சுந்தராம்பாள். 'திருவிளையாடல்' அவ்வையார் என்றால் சின்ன பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் சினிமாவுக்கு வருவதற்கு ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே கடல் தாண்டி போய், மைக் இல்லாத மேடையில் பாடி, சம்பாதித்து குடும்பத்தை காப்பாற்றிய பொண்ணு அவர் என்பது பலருக்கு தெரியாது.

பசிக்குது என்று பாடிய பிள்ளை

ஈரோடு பக்கம் காவிரி கரையில் இருக்கும் கொடுமுடிதான் சொந்த ஊர். 1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார். அம்மா பெயர் பாலாம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள்தான் கே.பி.சுந்தராம்பாள். அப்பன் பெயர் இனிஷியலில் இல்லை. வளர்த்தது எல்லாம் அம்மாதான்.

வீட்டில் கொடுமையான வறுமை. கடன் தொல்லை தாங்காமல் பாலாம்பாள் பிள்ளைகளோடு காவிரியில் விழப்போனார், பிறகு மனசு மாறி கரையேறினார் என்று சொல்வார்கள். பிழைப்பு தேடி கரூர் போனார்கள். சுந்தராம்பாள் ரெயிலில் பாட்டு பாடி காசு வாங்கியிருக்கிறார். அந்த குரலை கேட்ட கிருஷ்ணசாமி அய்யர் என்ற போலீஸ் அதிகாரிதான் வேலு நாயர் நாடக கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

முதல் வேஷம் 'நல்லதங்காள்' நாடகத்தில். ஏழு பிள்ளைகளோடு பஞ்சத்தில் அல்லாடும் நல்லதங்காளின் மூத்த பையனாக வந்தார். பசிக்கிறது என்று அம்மாவிடம் அழுது பாடும் பாட்டு. நிஜமாகவே பட்டினி கிடந்த பிள்ளை பாடினால் எப்படி இருக்கும்? கொட்டகையே அழுதது என்பார்கள்.

சிலோனுக்கு பயணம்

அந்த காலத்தில் தமிழன் எங்கெல்லாம் கூலிக்கு போனானோ, அங்கெல்லாம் நாடக கம்பெனியும் பின்னாலேயே போனது. ரங்கூன், மலேயா, சிலோன் மூன்றும்தான் முக்கியமான ஊர்கள். எர்ணாவூர் பர்மா நகரில் இருக்கும் பழைய குடும்பங்களுக்கு இது புது கதை இல்லை.

சிலோனில் மலையில் தேயிலை தோட்டம். கொழும்பில் துறைமுகம், மண்டி, செட்டியார் கடைகள். உழைத்து களைத்தவனுக்கு ராத்திரியில் ஊர் ஞாபகம் வரும். நாடகம் போட்டால் கூட்டம் அள்ளும். டிக்கெட் காசும் ரொக்கமாக கிடைக்கும்.

போக வழியும் சுலபம். 1914-ல் பாம்பன் ரெயில் பாலம் திறந்தார்கள். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல். எதிர்கரையில் தலைமன்னார். மறுபடி ரெயில், கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போகும் வரை இந்த பாதை இருந்தது.

1917-ம் ஆண்டு சுந்தராம்பாள் கொழும்பு மேடையில் பாடினார். வயசு 10 கூட ஆகவில்லை. அதற்கு பிறகு இங்கேயும் அங்கேயுமாக மேடை வாழ்க்கை. வள்ளியாக, ராஜபார்ட்டாக, எது கொடுத்தாலும் செய்தார்.

மைக் கிடையாது. ராத்திரி தொடங்கினால் விடிய விடிய நாடகம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தவனுக்கும் பாட்டு போய் சேர வேண்டும். சேரவில்லை என்றால் சத்தம் போடுவான். இப்போது ஸ்பீக்கரில் கேட்கும் அந்த கணீர் குரல் இப்படி தயாரானதுதான். ஸ்டுடியோவில் ஏசி அறையில் வந்தது இல்லை.

எதிரே வந்தார் கிட்டப்பா

1926-ல் கொழும்பில்தான் அந்த சந்திப்பு நடந்தது. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா அப்போது மேடையில் சக்கரவர்த்தி மாதிரி. எவ்வளவு உச்சத்துக்கும் குரல் போகும். அவரோடு ஜோடி போட்டால் பாட்டில் காணாமல் போய்விடுவாய் என்று சுந்தராம்பாளை பயமுறுத்தினார்கள். அதே மாதிரி, சிலோனையே மடக்கி வைத்திருக்கும் பெண்ணிடம் மாட்டிக்கொள்ளாதே என்று கிட்டப்பாவுக்கும் சொன்னார்களாம்.

'வள்ளி திருமணம்' நாடகம். அந்த கால ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை எல்லாம் பெரிசாக கிடையாது. வள்ளிக்கும் வேலனுக்கும் மேடையிலேயே பாட்டு சண்டை நடக்கும். அவர் ஒரு அடி ஏறினால் இவர் ரெண்டு அடி ஏறுவார். யார் ஜெயித்தார் என்று கேட்டால் பதில் இல்லை. ரெண்டு பேருமே தோற்று, காதலில் விழுந்துவிட்டார்கள்.

கிட்டப்பாவுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் கிட்டம்மாள். சாதியும் வேறு. கடைசி வரை கைவிடக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் சுந்தராம்பாள் சம்மதித்தார் என்பார்கள். 1927-ல் கல்யாணம் நடந்தது. அதன்பின் இந்த ஜோடிக்கு தமிழ்நாடு முழுவதும் கிராக்கி. துறைமுகத்தில் இருந்து நடந்து போகிற தூரத்தில் வால்டாக்ஸ் ரோட்டில் இருந்த ஒற்றைவாடை கொட்டகை போல, அன்றைக்கு நாடகத்துக்கு என்றே இருந்த கொட்டகைகள் எல்லாம் இவர்கள் மாதிரி நடிகர்களை நம்பித்தான் ஓடின. ரெண்டு பேரும் சுதந்திர போராட்ட பாட்டும் பாடினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இவர்களை கூட்டங்களில் பாட வைத்தார்.

வாக்கு நிற்கவில்லை

ஆனால் சந்தோஷம் ரொம்ப நாள் இல்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. அந்த நேரத்தில் கிட்டப்பா பக்கத்தில் இல்லை. மனக்கசப்பு வந்தது, பிரிவு வந்தது. கிட்டப்பாவை குடிப்பழக்கமும் பிடித்துக்கொண்டது. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. அவற்றில் கோபம் இருக்கிறது, கெஞ்சலும் இருக்கிறது. ஊரே கைதட்டும் ஒரு நடிகை, ஒரு பதில் கடிதத்துக்காக காத்திருந்திருக்கிறார்.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி கிட்டப்பா இறந்துபோனார். 28 வயசு கூட முடியவில்லை. சுந்தராம்பாளுக்கு அப்போது 25.

அன்றைக்கு நகையை கழற்றினார். வெள்ளை சேலை கட்டினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு எடுத்தார். சாகும் வரை 47 வருஷம் அதை மாற்றவில்லை. விட்டுப்போன மனுஷனுக்காக இவ்வளவு வேண்டுமா என்று இன்றைக்கு கேட்கலாம், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜோடியாக நடிக்க மாட்டேன் என்று ஒரு நடிகை சொன்னால் அப்புறம் பிழைப்பு ஏது? அந்த நிபந்தனையை வைத்துக்கொண்டே அவர் பிழைத்தார். சாதாரண பிழைப்பும் இல்லை.

ரூ.1 லட்சம் சம்பளம்

கொஞ்ச காலம் வீட்டோடு முடங்கிக் கிடந்தவரை சினிமாக்காரர்கள் தேடி வந்தார்கள். வந்தவர்களை விரட்டுவதற்காகத்தான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்று சொல்வதுண்டு. அவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள்! அன்றைக்கு ஒரு பவுன் 30 ரூபாய்க்குள் கிடைத்தது. கணக்கு போட்டால் 3 ஆயிரம் பவுனுக்கு மேல் வருகிறது. ரெயிலில் பாடி காலணா வாங்கிய கை அது.

1935-ல் வந்த அந்த படம் 'நந்தனார்'. நந்தனார் என்ற ஆண் வேஷத்தையே சுந்தராம்பாள் போட்டார். ஜோடி பிரச்சினையே இல்லாமல் போனது. பண்ணையார் வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத அய்யர். படத்தை பார்த்த எழுத்தாளர் கல்கி, மனுஷர்களை விட மரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாக கிண்டல் அடித்து எழுதினார். சுந்தராம்பாளுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

1940-ல் 'மணிமேகலை'. 1953-ல் ஜெமினி வாசன் எடுத்த 'அவ்வையார்'. கிழவியாக, துறவியாக மட்டுமே வேஷம். தன் நிபந்தனைக்கு தகுந்த மாதிரி கதையை சினிமாவே தேட வேண்டியிருந்தது.

காங்கிரசை அவர் கடைசி வரை விடவில்லை. காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்தபோது தங்கத்தட்டில் சாப்பாடு போட்டார், சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டார் என்று அந்த பக்கத்தில் இன்றும் கதை சொல்வார்கள். 1950-களில் சென்னை மாகாண மேலவை உறுப்பினர் ஆனார். நாட்டிலேயே சினிமாவில் இருந்து சட்டசபைக்குள் போன முதல் ஆள் இவர்தான் என்று சொல்லப்படுகிறது.

அப்படிப்பட்டவர் 1964-ல் தி.மு.க.வின் கருணாநிதி வசனம் எழுதிய 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகளாக வந்தார். கட்சி வேறு, கடவுள் நம்பிக்கை வேறு. குரல் அந்த ரெண்டையும் தாண்டி நின்றது. அடுத்த வருஷமே ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்' வந்தது. கே.வி.மகாதேவன் இசை. அவ்வையார் வரும் காட்சி கொஞ்ச நேரம்தான். அந்த கொஞ்ச நேரத்தில் அவரைவிட்டு யாராலும் கண்ணை எடுக்க முடியாது.

61 வயதில் தேசிய விருது

1966-ல் தமிழ் இசை சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் கொடுத்தது. 1969-ல் வந்த 'துணைவன்' படத்துக்காக சிறந்த பின்னணி பாடகி தேசிய விருது வாங்கினார். பி.சுசீலாவுக்கு அடுத்தபடியாக அதை வாங்கியவர் இவர். மற்ற பாடகிகள் 20, 25 வயசில் கொடிகட்டி பறந்த காலத்தில் இவருக்கு வயசு 61. 1970-ல் பத்மஸ்ரீ.

1973-ல் 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் அதே வெண்கல குரல்தான். சம்பாதித்த காசில் கோவில்களுக்கு செய்தார். கொடுமுடியில் தன் பெயரில் சினிமா கொட்டகை கட்டினார். வேறு கல்யாணம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை.

1980-ம் ஆண்டு கே.பி.சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா பாடிய சில பாட்டுகள் கிராமபோன் இசைத்தட்டில் தங்கியிருக்கின்றன, சுந்தராம்பாள் பாட்டும் இருக்கிறது. ஆனால் கொழும்பில் விடிய விடிய நடந்த அந்த பாட்டு சண்டையை பதிவு செய்ய அன்றைக்கு அங்கே ஒரு மைக்கும் இல்லை.