அரசிழந்த மக்களுக்கு வரலாறு தந்த கொரெனாத்சி

ஆர்மேனிய மக்கள் தமது வரலாற்றின் தந்தை எனப் போற்றுபவர் மொவ்சேஸ் கொரெனாத்சி. அவர் வாழ்ந்ததாக மரபு கூறும் 5ஆம் நூற்றாண்டு, அம்மக்களுக்கு அழிவும் ஆக்கமும் ஒருசேர வந்த காலமாகும். 387இல் ரோமப் பேரரசும் பாரசீகப் பேரரசும் ஆர்மேனியாவைப் பங்கிட்டுக் கொண்டன. 428இல் பாரசீகத்தின் பிடியிலிருந்த பகுதியிலும் மன்னராட்சி ஒழிக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன்னரே, 405ஆம் ஆண்டளவில், மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்னும் துறவி ஆர்மேனிய மொழிக்குத் தனி எழுத்தை வகுத்தளித்திருந்தார்.

அவரது மாணவரான கொரெனாத்சி உயர்கல்விக்காக எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பப்பட்டார் என்றும், நாடு திரும்பியபோது ஆசான்கள் உயிருடன் இல்லை என்றும் மரபு கூறும். பின்னர் பக்ரதூனி குலத்து இளவரசர் சஹாக்கின் வேண்டுகோளை ஏற்று, ஆர்மேனியரின் வரலாற்றை அவர் மூன்று பாகங்களில் எழுதினார். பேல் என்னும் கொடுங்கோலனுக்கு அடிபணிய மறுத்து வடக்கே சென்று குடியேறிய குலமுதல்வன் ஹாய்க்கின் கதை முதற் பாகத்தில் இடம்பெறுகின்றது. மன்னராட்சியின் வீழ்ச்சியுடன் நூல் முடிவை நெருங்குகின்றது. கிறிஸ்தவராக இருந்தும், முன்னோர் பாடிய பழம்பாடல்களை அவர் ஒதுக்கிவிடவில்லை. வஹாக்ன் என்னும் தெய்வத்தின் பிறப்பைக் கூறும் பாடல் எமக்குக் கிடைத்திருப்பது அவரது நூலின் வழியாகவே.

தம் இனம் எண்ணிக்கையிற் சிறியது, பிறரால் அடிக்கடி ஆளப்பட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. எனினும், எழுதிவைக்கத்தக்க அருஞ்செயல்கள் அதனிடமும் உண்டென வாதிட்டார். அவற்றைப் பதிவு செய்யத் தவறிய பண்டைய மன்னர்களைக் கண்டித்தார். நூலின் இறுதியில் அமைந்த புலம்பலில், பழியை அந்நியர் மீது மட்டும் சுமத்தாமல், கைக்கூலி பெறும் நீதிபதிகளையும், கற்பதிற் சோம்பிக் கற்பிக்க விரையும் மாணவரையும் சாடுகின்றார்.

அவர் கூறிய அனைத்தையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. நூல் 5ஆம் நூற்றாண்டுக்குரியதா, அல்லது அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியதா என்ற விவாதமும் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் அவரது புகழ் குன்றவில்லை. 1695இல் அந்நூல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. யெரெவான் நகரின் மாத்தெனதரான் சுவடிக் காப்பகத்தின் முன்னால் அவரது சிலை நிற்கின்றது. சுதந்திர ஆர்மேனியா 1993இல் அவரது பெயரால் அரச பதக்கமொன்றை ஏற்படுத்தியமை குறிப்பிடத்தக்கது.

அவர் தந்த ஆண்டுகளையும் வம்சாவளிகளையும் நாம் ஐயுறலாம். ஆனால், தம் மக்களின் பெருமையை எழுதிய கையாலேயே அவர்களின் குறையையும் எழுதிய நேர்மையை ஐயுற முடியாது. பெருமையை மட்டும் பேசும் வரலாறு எந்த மக்களையும் கரைசேர்த்ததில்லை என்பதை அவரிடமிருந்து நாம் கற்க வேண்டும்.