அன்பு ஏற்கும் பொறுப்பு

கல்லூரியில் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில், கூட்டுறவு பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரு பெயரைக் கரும்பலகையில் எழுதுவேன்: ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன். ஊரகக் கடன் சங்கங்களின் முன்னோடி, வரம்பற்ற பொறுப்பு, குறுகிய செயல் எல்லை, ஊதியம் பெறாத நிர்வாகம் என்று ஐந்து மதிப்பெண் வினாவுக்குரிய விடையாக மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துகொள்வார்கள். அந்த விடைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருந்தது என்பதை நான் போதிய அழுத்தத்துடன் சொன்னதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு அந்தக் குறை உறுத்துகிறது.

ஒருவரையொருவர் நேசிக்க வேண்டும் என்பது இயேசு தம் சீடர்களிடம் இறுதியாக விட்டுச்சென்ற கட்டளை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதைக் கேட்டுத் தலையசைப்பது எளிது. திங்கள்கிழமை அண்டை வீட்டார் கடன் கேட்டு வாசலில் நிற்கும்போது அந்தக் கட்டளைக்கு என்ன பொருள்? ரைஃபைசன் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடியது இந்தக் கேள்விக்குத்தான்.

ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியையொட்டிய ஹாம் என்ற சிற்றூரில் 1818 மார்ச் 30-ஆம் நாள், ஒன்பது குழந்தைகளில் ஏழாமவராக அவர் பிறந்தார். தந்தை அவ்வூரின் நிர்வாகத் தலைவராக இருந்தவர். எனினும் வீட்டில் வறுமை. உயர்கல்வி பெற வழியில்லாத நிலையில், ஊர்ப் போதகர் ஒருவரே அவருக்கு ஆசிரியரானார். இளமையில் பிரஷ்ய ராணுவத்தில் சேர்ந்தார். கண்நோய் அந்தப் பணியை முடித்துவைத்தது. குடிமைப் பணிக்கு மாறிய அவர், 1845-இல் வையர்புஷ் என்ற ஊராட்சித் தொகுதியின் தலைவரானார்.

அடுத்த ஆண்டே பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்கில் நோய், தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் ரொட்டியின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. அரசு மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கம் கொடுப்பவருக்கு மட்டுமே அதை விற்க வேண்டும் என்று ஆணையிட்டது. கையில் காசு இருப்பவனுக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சத்தில் இருப்பவன் கையில் காசு இல்லை. ரைஃபைசன் ஆணையை மீறி மாவைக் கடனாகக் கொடுத்தார். வசதி படைத்தவர்களை அழைத்து, அவர்கள் பணத்தில் ரொட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தானியம் வாங்கப்பட்டது, ஊருக்குப் பொதுவாக ஓர் அடுமனை கட்டப்பட்டது. ரொட்டி குறைந்த விலையில், அறுவடைக்குப் பின் திருப்பித் தரும் வாக்குறுதியின் பேரில் வழங்கப்பட்டது.

1848-இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாற்றலாகிச் சென்றபோது வேறொரு துயரத்தைக் கண்டார். உழவர்கள் மாடு வாங்கக் கடன்பட்டார்கள். வட்டியில் மாடு போனது. பிறகு நிலமும் போனது. மறு ஆண்டு, ஏறத்தாழ 60 செல்வந்தர்களைத் திரட்டி உதவிச் சங்கம் ஒன்றை அமைத்தார். அவர்கள் தங்கள் சொத்து முழுவதையும் பிணையாக்கிக் கூட்டாகக் கடன் திரட்டினார்கள். சங்கமே மாடு வாங்கி உழவருக்குக் கொடுத்தது. உழவர் ஐந்தாண்டுத் தவணையில் பணத்தைத் திருப்பிக் கட்டினார்.

1852-இல் ஹெடஸ்டார்ஃபுக்குச் சென்றார். 1854-இல் அங்கே தொடங்கிய நற்பணிச் சங்கத்தின் நோக்கங்கள் மேலும் விரிந்தவை. கைவிடப்பட்ட குழந்தைகளைப் பராமரித்தல், சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கு வேலை தேடித் தருதல், உழவருக்குக் கடன் வழங்குதல் என எல்லாவற்றையும் அது தன் தோளில் சுமந்தது. பத்தாண்டுகள்கூட அந்த ஊக்கம் தாங்கவில்லை. பலன் எதிர்பாராமல் பொறுப்பேற்ற செல்வந்தர்கள் சோர்ந்து விலகத் தொடங்கினார்கள்.

அன்பின் அடிப்படையில் அமைந்த முயற்சி தோற்றபோது, மனிதர்கள் தன்னலம் மிக்கவர்கள் என்று சலித்துக்கொண்டு அவர் ஒதுங்கிவிடவில்லை. பிழை தம் அமைப்பில் இருக்கிறதா என்று ஆராய்ந்தார். கொடுப்பவர் ஒருபுறம், பெறுபவர் மறுபுறம் என்றிருக்கும் ஏற்பாட்டில் கொடுப்பவர் களைத்துப்போவார், பெறுபவர் தலைகுனிவார். கட்டளையோ ஒருவரையொருவர் என்று இருதிசையாகச் சொல்கிறது. 1864-இல் அவர் உருவாக்கிய கடன் சங்கத்தில் கடன் வாங்குபவரே உறுப்பினரானார். ஒருவர் தவறினால் மற்ற அனைவரும் தங்கள் உடைமை முழுவதையும் வைத்து ஈடுசெய்ய வேண்டும். ஆகவே தனித்தனியே எந்த வங்கியும் நம்பாத ஏழைகள், ஒருவருக்கொருவர் பிணை நின்றதால் கடன் பெறத் தகுதியானவர்கள் ஆனார்கள்.

பொருளியலாளன் என்ற முறையில் இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணி வியக்கிறேன். சங்கத்தின் எல்லை ஒரு சிற்றூர் அளவே. யார் உழைப்பாளி, யார் வீட்டில் நோய், யார் குடிக்கிறார் என்பதை எவரும் விசாரிக்கத் தேவையில்லை. நகர வங்கியிடம் இல்லாத அந்தத் தகவலே ஏழையின் அடமானமாயிற்று. லாபம் பங்கிடப்படாமல் பொது நிதியில் சேர்ந்தது. நிர்வாகிகள் ஊதியமின்றிப் பணியாற்றினார்கள். கணக்கருக்கு மட்டும் ஊதியம் உண்டு. ஜெர்மன் கூட்டுறவின் மற்றொரு முன்னோடியான ஷுல்ஸ டெலிட்ச், பங்கு மூலதனம் இல்லாத, நீண்ட தவணையில் கடன் தரும் இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். ரைஃபைசன் எளிதில் வளைந்துகொடுக்கவில்லை.

தனிவாழ்வு அவருக்குக் கனிவு காட்டவில்லை. 1863-இல் மனைவி எமிலி இறந்தார். உடல்நலம் குன்றி, 1865-இல் சிறிய ஓய்வூதியத்துடன் பணியிலிருந்து விலகினார். பிழைப்புக்குச் சுருட்டு ஆலை நடத்தினார். பிறகு மது வணிகம் செய்தார். பார்வை ஏறத்தாழ மங்கிவிட்ட நிலையில், 1866-இல் வெளிவந்த அவரது நூல் கடன் சங்கங்களை நாடெங்கும் பரப்பியது. அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் இருந்து கடிதங்களை எழுதியவர் மூத்த மகள் அமாலி. அந்தப் பெண் மணம் செய்துகொள்ளவில்லை. ஊரார் பட்ட கடனுக்கெல்லாம் கணக்கு வைத்த மனிதர், மகளுக்குத் தாம் பட்ட கடனை எந்த ஏட்டில் எழுதினாரோ!

இன்னொரு நிழலையும் மறைப்பதற்கில்லை. கந்துவட்டியைக் கண்டித்தபோது, அக்காலத்தில் அங்கே பரவியிருந்த யூத வெறுப்பு அவர் எழுத்திலும் படிந்தது. ஒரு தொழிலின் தீமையை ஓர் இனத்தின் இயல்பாகக் கண்டது பெரும் பிழை. ஊர் எல்லைக்குள் அத்தனை ஆழமாக வேலை செய்த அன்பு, அந்த எல்லையைக் கடக்கத் தடுமாறியது. கட்டளையின் கடினமான பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

தம் 70-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், 1888 மார்ச் 11 அன்று அவர் மறைந்தார். அப்போது அவரது முறையில் நூற்றுக்கணக்கான சங்கங்கள் இயங்கின.

அவர் பார்த்தறியாத நம் மண்ணுக்கும் அந்த எண்ணம் வந்தது. உழவர் கடனுக்கு வழிகாண 1892-இல் சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. ஐரோப்பிய நாடுகளின் முறைகளை ஆராய்ந்து விரிவான அறிக்கை தந்த அவர், தம் பரிந்துரையின் சாரமாகச் சொன்னது, ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதே. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் வேளாண் கடன் சங்கம் தோன்றியது. சட்டமும் சங்கமும் கிடைத்தன. நிக்கல்சன் தேடச் சொன்னதோ ஒரு மனிதரை.

இதை எழுதும்போது ஒரு நிகழ்வு நினைவில் நெருடுகிறது. ஆய்வக உதவியாளர் ஒருவர், மகளின் படிப்புக்காகக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் பெற விரும்பி, என்னிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தார். அவர் நேர்மையானவர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், ஏற்கெனவே இருவருக்கு ஜாமீன் போட்டிருப்பதாகப் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். பரவாயில்லை ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பிற்பகல் வகுப்பில் நான் நடத்திய பாடம், வரம்பற்ற பொறுப்பின் சிறப்புகள்.

அவருக்கு வேறொருவர் கையெழுத்திட்டார். கடன் ஒரு தவணையும் தவறாமல் அடைக்கப்பட்டது என்று பின்னர் அறிந்தேன். தவறியிருந்தால் என் சம்பளத்தில் சில நூறு ரூபாய் பிடித்திருப்பார்கள். பிறரை நேசிப்பதன் விலை பெரும்பாலும் அவ்வளவுதான். அதைக்கூடத் தர மனமில்லாமல்தான், அன்பை உயர்ந்த கொள்கையாக மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.